தலைவி பாத்திரம் கழுவ வேண்டுமா?

கேள்வி கோயம்புத்தூரில் இருக்கும் ஓர் அம்மாவுடையது. மகள் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் படிக்கிறாள். அடுத்து சொராரிட்டி என்கிற மாணவிகள் மன்றம் ஒன்றில் சேரப் போகிறேன் என்கிறாளாம். "சினிமாவில் பார்த்தால் கூத்தும் குடியுமாக இருக்கிறது. இவளைக் கேட்டால் அங்கே 'சர்வன்ட் லீடர்ஷிப்' என்று தொண்டு செய்யும் தலைமையைக் கற்றுத்தருவார்கள், உயிர்த்தோழிகள் கிடைப்பார்கள் என்கிறாள். காசு கட்டி வாங்குகிற நட்பு என்ன நட்பு? தலைவி என்றால் தலைவி, வேலைக்காரி என்றால் வேலைக்காரி, இரண்டும் எப்படி ஒரே ஆளாக இருக்க முடியும்?"

நல்ல கேள்வி, அதுவும் அந்தக் கடைசி வரி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். நான் மதுரைக்காரி. அமெரிக்காவில் படித்த நான்கு வருடமும் ஒரு சொராரிட்டியில் இருந்தேன், அப்புறம் வேலைக்குப் போன ஊரில் அதே சங்கத்தின் இன்னொரு கிளைக்கு ஒன்பது வருடம் ஆலோசகராக இருந்தேன். நல்லதும் பார்த்திருக்கிறேன், தலையில் அடித்துக்கொள்ளும்படியானதும் பார்த்திருக்கிறேன்.

முதலில் சொராரிட்டி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'சொரோர்' என்றால் சகோதரி. பெண்கள் கல்லூரிக்குப் போவதே அதிசயமாக இருந்த காலத்தில் மாணவிகள் சேர்ந்து வைத்துக்கொண்ட மன்றங்கள் இவை. ஜார்ஜியா மாநிலத்து மேக்கனில் வெஸ்லியன் கல்லூரியில் 1851-இலும் 1852-இலும் இரண்டு மன்றங்கள் தொடங்கின, இரண்டும் இன்றைக்கும் ஆல்ஃபா டெல்டா பை, ஃபை மியூ என்ற பெயர்களில் இருக்கின்றன. இந்த மன்றங்களுக்குச் 'சொராரிட்டி' என்ற பெயரே பிறகு வந்ததுதான், 1882-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்து லத்தீன் பேராசிரியர் ஒருவர் சூட்டியது என்பார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இருக்கும் கிளைக்குச் சாப்டர் என்று பெயர். சில இடங்களில் முப்பது பேர்தான் இருப்பார்கள், தெற்கு மாநிலங்களில் ஒரே சாப்டரில் 300, 400 பேர்கூட உண்டு. வீடு, சமையல்காரர், வாராந்தரக் கூட்டம், தேர்தலில் வரும் தலைவி, பொருளாளர், ஒழுங்குக் குழு, புதிதாகச் சேருகிறவளுக்கு அக்கா மாதிரி ஒரு 'பிக்', அவள் இவளுக்கு 'லிட்டில்'. இருபது வயதுப் பெண்கள் நடத்தும் ஒரு சின்னப் பஞ்சாயத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குடி விஷயத்தை மறைக்கப்போவதில்லை. பழைய பெரிய சொராரிட்டிகளின் வீடுகளில் பொதுவாக மதுவுக்கு அனுமதி கிடையாது, அதனால் பார்ட்டிகள் பெரும்பாலும் பையன்களின் மன்றங்களான ஃப்ரட்டர்னிட்டிகளின் வீடுகளில் நடக்கும். போய்விட்டுத் திரும்பி வருவதில்தான் ஆபத்து. அதற்காக ஒவ்வொரு பார்ட்டி இரவுக்கும் சிலர் முறைவைத்து, குடிக்காமல் இருந்து, மற்றவர்களைக் காரில் கூட்டிவருவார்கள், 'சோபர் சிஸ்டர்' என்பார்கள். இந்தப் பட்டியல் ஒழுங்காக நடக்கிற சாப்டரா, இல்லை சுவரில் ஒட்டிவைத்த காகிதமாகவே இருக்கிற சாப்டரா என்பதை வைத்தே பாதி விஷயத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

காசு கொடுத்து வாங்கும் நட்பு என்பது அமெரிக்கர்களே சொல்லும் பழைய கிண்டல். செமஸ்டருக்குச் சில நூறு டாலரில் ஆரம்பித்து, வீட்டிலேயே தங்கினால் பல ஆயிரம் வரை போகும், உண்மைதான். அந்தப் பணம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் காப்பீட்டுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் போகிறது. நீங்கள் ஹாஸ்டல் ஃபீஸ் கட்டியதால்தான் உங்கள் ஹாஸ்டல் தோழி கிடைத்தாள், அதை யாரும் விலைக்கு வாங்கிய நட்பு என்று சொல்வதில்லையே. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஹாஸ்டல் வார்டன் உங்கள் உடையையும் பேச்சையும் பார்த்து, நாலு நாள் யோசித்து, ஓட்டுப் போட்டு உங்களை எடுக்கவில்லை. இங்கே எடுக்கிறார்கள். மாணவிகள் வீடு வீடாகப் போய்ப் பேசுவார்கள், கடைசியில் அவர்கள் ஒரு வரிசை எழுதித் தருவார்கள், சாப்டர்களும் ஒரு வரிசை எழுதித் தரும், இரண்டையும் பொருத்தி முடிவு வரும். (சிறுநீரகப் பரிமாற்றத்துக்குப் பொருத்தம் பார்க்கும் முறையை வகுத்த ஆல்வின் ராத், 2012-இல் பொருளாதார நோபல் வாங்கியவர், 1991-இல் இந்தச் சொராரிட்டிப் பொருத்தத்தைப் பற்றியும் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். நம் ஊர் ஜாதகப் பொருத்தத்தை ஏன் விட்டுவைத்தாரோ!) என் கணக்கில் உறுத்த வேண்டியது சந்தாப் பணம் இல்லை, இந்தத் தேர்வுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது சர்வன்ட் லீடர்ஷிப். ராபர்ட் கிரீன்லீஃப் என்று ஒருவர், ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தில் ஏறத்தாழ நாற்பது வருடம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு 1970-இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து பரவிய சொல் இது. முதலில் தொண்டு செய்யும் ஆசை வரவேண்டும், தலைமை அதற்குப் பின்னால் வரவேண்டும் என்பார். தொண்டனே தலைவன் என்று மேடையில் கேட்டுக் கேட்டுப் புளித்த காது நமக்கு, அதனால் இது பெரிதாகப் படாது. ஆனால் அவர் கூடவே ஒரு சோதனையும் வைத்தார், விஷயம் அதில்தான் இருக்கிறது. நீங்கள் யாருக்குச் சேவை செய்கிறீர்களோ அவர்கள் வளர்கிறார்களா? முன்பைவிடச் சொந்தக்காலில் நிற்கிறார்களா? அவர்களும் நாளைக்கு இன்னொருவருக்குச் செய்யக்கூடியவர்களாக ஆகிறார்களா? இல்லையென்றால் நீங்கள் ஓடி ஓடிச் செய்தது வேறு ஏதோ.

இந்தச் சோதனையில் நான் தோற்றிருக்கிறேன், அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நான் வீட்டுக்கு மூத்த பெண். விருந்தாளி வந்தால் இலை போடுவதிலிருந்து கடைசியில் அடுப்படியைக் கழுவிவிடுவது வரை யாரும் சொல்லாமலே செய்யப் பழகியவள். மூன்றாம் வருடம் சாப்டரில் என்னிடம் நிதி திரட்டும் பொறுப்பைக் கொடுத்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை பான்கேக் இரவு நடத்துவோம், டிக்கெட் விற்று வரும் பணம் முழுக்கக் குழந்தைகள் மருத்துவமனைக்கு. மாவு வாங்குவது, மேசை வாடகைக்குப் பிடிப்பது, அச்சகத்துக்கு ஓடுவது, கணக்கு எழுதுவது, எல்லாமே நான். இரவு இரண்டு மணிக்குப் பெரிய இரும்புக் கல்லைச் சுரண்டிக்கொண்டிருப்பதும் நான்தான். யாராவது உதவிக்கு வந்தால், "பரவாயில்லை, நீ போய்ப் படு" என்பேன். இரண்டு வருடம் அமோகமாக நடந்தது. எனக்குக் கேடயம் கொடுத்தார்கள், எத்தனை தங்கமான பெண் என்றார்கள். நான் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பிய அடுத்த வருடம் பான்கேக் இரவு நடக்கவே இல்லை. மேசை யாரிடம் எடுப்பது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை, டிக்கெட் கணக்கின் பாஸ்வேர்டு என் தலைக்குள் இருந்தது. ஜனவரியில் ஒரு லிட்டில் போன் பண்ணித் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அந்தக் கேடயம் இன்னும் எங்கேயோ பரணில் கிடக்கிறது.

நம் வீட்டுப் பெண்களுக்குச் சேவையைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, அது ஊட்டி வளர்க்கப்பட்டிருக்கிறது. அதனாலேயே அங்கே போனதும் எடுபிடி வேலைக்கு முதலில் கை தூக்குவது நம் பெண்ணாக இருக்கும், அதையே தலைமை என்று நினைத்துக்கொள்ளவும் செய்வாள். ஆலோசகராக இருந்தபோது இந்தியப் பெண்கள், வியட்நாமியப் பெண்கள், மெக்சிகோ குடும்பத்துப் பெண்கள் என்று வரிசையாக இதைப் பார்த்தேன். தலைப்பில் இருக்கும் கேள்விக்கு வருவோம்: தலைவி பாத்திரம் கழுவலாம், தாராளமாக. அவள் ஒருத்தி மட்டும் கழுவினால் ஏதோ கோளாறு. எல்லோர் பெயரும் வருகிற மாதிரி ஒரு முறைப்பட்டியல் போட்டு, அதில் தன் பெயரையும் சேர்த்து, தன் முறை வரும்போது கழுவுகிறவள்தான் கிரீன்லீஃப் சொன்ன ஆள்.

நான் பார்த்ததிலேயே நல்ல தலைமை ஒரு தலைவியிடம் இல்லை, ஒரு பொருளாளரிடம். பொருளாளர் என்றால் சாப்டரில் யாருக்கும் பிடிக்காது, பாக்கி கேட்கிற ஆள். கணக்குப் பதிவியல் படித்த பெண், அதிகம் பேசமாட்டாள். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு மட்டுமே வருகிறாள் என்பதை இவள்தான் கவனித்தாள். திங்கள் இரவு கூட்டம் உண்டு, வந்தே ஆகவேண்டும். மற்ற நாள் வருவதில்லை. பாக்கிப் பட்டியலைப் பார்த்தால் அந்தப் பெண்ணின் இரண்டாவது தவணை வரவில்லை. கட்டாத சாப்பாட்டைச் சாப்பிடக் கூச்சம், அவ்வளவுதான். சாப்டரில் இதற்கு வழக்கமான நடைமுறை ஒரு நினைவூட்டல் மின்னஞ்சல், அப்புறம் ஒழுங்குக் குழுவிலிருந்து அழைப்பு. இவள் இரண்டையும் அனுப்பவில்லை. கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறையில் அந்தப் பெண் தனியாக இருந்த நேரம் பார்த்துப் போய், டிரையரிலிருந்து சூடாக வந்த துண்டுகளை அவளோடு சேர்ந்து மடித்துக்கொண்டே, "போன வருடம் நான் மாதா மாதம்தான் கட்டினேன், உனக்கும் அப்படிப் பிரித்துத் தரவா" என்று கேட்டாளாம். டிரையர் சத்தத்தில் மேலே யாருக்கும் கேட்டிருக்காது.

இதுவரைக்கும் நல்ல மனசு. அடுத்து அவள் செய்ததைத்தான் நான் தலைமை என்பேன். அடுத்த செமஸ்டர் படிவத்திலேயே மாதத் தவணைக்கு ஒரு கட்டம் வைத்தாள், காரணம் கேட்காமல், யார் வேண்டுமானாலும் டிக் அடிக்கலாம். பத்துப் பதினைந்து பேர் டிக் அடித்தார்கள், அதில் எங்களுக்குப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் என்று தோன்றியவர்களும் இருந்தார்கள். அந்தப் புதுப்பெண் அடுத்த வருடம் சமையல்கட்டுப் பொறுப்புக்குத் தேர்தலில் நின்று ஜெயித்து, வருடம் முழுக்கச் சமையல்காரரோடு சண்டை போட்டாள், அது தனிக்கதை.

சரி, இதெல்லாம் வீட்டுக்குள் நடப்பது. சேவை என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் உண்மையிலேயே எடை சேர்த்தவை கறுப்பினப் பெண்களின் சொராரிட்டிகள். 2020 ஆகஸ்டில் கமலா ஹாரிஸ் பேசிய பேச்சில் 'சித்தி' என்று சொன்னதைத் தமிழ்நாடே கொண்டாடியது. அதே பேச்சில், குடும்பம் என்று அவர் வரிசையாகச் சொன்னவற்றில், தன் சொராரிட்டியான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் இருந்தது, அதை நம் ஆட்கள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1908-இல் தொடங்கியது அது. கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்துக்கொள்ளும் இந்தச் சொராரிட்டிகளில், கறுப்பின மாணவிகள் தொடங்கிய முதலாவது.

ஐந்தே வருடத்தில் அதற்குள் ஒரு பிளவு. அப்போதைய மாணவிகளுக்குச் சங்கத்தின் பெயரையும் போக்கையும் மாற்றி இன்னும் அரசியலாகச் செயல்பட ஆசை, படித்து முடித்துப்போன மூத்தவர்களுக்குச் சம்மதமில்லை. 1913 ஜனவரியில் 22 பேர் தனியாகப் போய் டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். இரண்டே மாதத்தில், மார்ச் 3 அன்று, வாஷிங்டன் தெருக்களில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நடந்த பெரிய ஊர்வலத்தில் அந்தப் பெண்கள் நடந்தார்கள். கறுப்பினப் பெண்கள் வருவதையே விரும்பாதவர்கள் அந்த ஊர்வலத்தை நடத்தியவர்களிலேயே இருந்தார்கள். சகோதரி சகோதரி என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள் பிரிந்த கதை கசப்பானது, ஆனால் பிரியாமல் ஒருவரையொருவர் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால் அந்த 22 பேர் அன்றைக்குத் தெருவில் இருந்திருப்பார்களா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அதைவிட எனக்குப் பிடித்தது மிசிசிப்பிக் கதை. 1930-களில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் தேசியத் தலைவி ஐடா ஜாக்சன், ஆசிரியை, மிசிசிப்பியிலேயே பிறந்தவர். 1934 கோடையில் அங்கே கிராமப்புற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனார். போன இடத்தில் தெரிந்தது, பாடத்துக்கு முன்னால் மருந்து வேண்டும் என்று. அடுத்த வருடம் டாக்டர் டோரத்தி ஃபெரிபீ தலைமையில் ஒரு குழு புறப்பட்டது, மருத்துவர்கள், செவிலியர்கள், ஆசிரியைகள், எல்லோரும் தங்கள் விடுமுறையைக் கொடுத்து வந்தவர்கள். நிறவெறிச் சட்டங்கள் இருந்த தெற்கில் ரயிலில் கௌரவமாகப் போக வழியில்லை, ஆகவே சொந்தக் கார்களில் பல நூறு மைல். போய்ச் சேர்ந்து ஓரிடத்தில் கிளினிக் வைத்தால் ஆள் வரவில்லை. காரணம், பருத்தித் தோட்ட முதலாளிகள் தங்கள் குத்தகைக் கூலிகளை வெளியே விடவில்லை, வெளியூர்க்காரர்கள் கூட்டம் சேர்த்து ஏதாவது கிளப்பிவிடுவார்கள் என்ற பயம். இந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? கிளினிக்கையே காரில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார்கள். தோட்டத்து ஆட்கள் துப்பாக்கியோடு சுற்றி நின்று கவனிக்க, நடுவில் குழந்தைகளுக்குப் பெரியம்மைக்கும் தொண்டை அடைப்பான் நோய்க்கும் தடுப்பூசி. 1940-களின் தொடக்கம் வரை கோடைதோறும் போனார்கள். கிரீன்லீஃப் கட்டுரை எழுதியது அதற்கெல்லாம் முப்பது வருடம் கழித்து.

இதைப் படித்துவிட்டு எல்லாச் சொராரிட்டியும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். தேர்வைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இங்கே வருகிறது. அலபாமா பல்கலைக்கழகத்தில், 2013-இல்கூட, வெள்ளையர்களின் பழைய சொராரிட்டிகளில் கறுப்பின மாணவி என்பது காணக் கிடைக்காத விஷயம். அந்த வருடம் செப்டம்பரில் அங்கத்திய மாணவர் பத்திரிகை ஒரு விஷயத்தை வெளிப்படுத்தியது: நல்ல மதிப்பெண், நல்ல குடும்பம், எல்லாத் தகுதியும் இருந்த ஒரு கறுப்பினப் பெண்ணைச் சேர்க்க மாணவிகளில் பலருக்கு விருப்பம் இருந்தும், மேலே இருந்த பழைய உறுப்பினர்கள் தடுத்துவிட்டார்கள். ஒரு மாணவி தன் சொந்தப் பெயரிலேயே பத்திரிகையிடம் இதைச் சொன்னாள். நாடு முழுக்கச் செய்தியாயிற்று, பல்கலைக்கழகம் தலையிட்டுச் சேர்க்கையைத் திரும்பத் திறந்தது, அந்த வருடமே கதவு கொஞ்சம் திறந்தது. அந்தப் பெண் பத்திரிகையில் பேசிய அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோது எத்தனை பேர் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்? சேவை என்று புற்றுநோய் நிதிக்கு ஓட்டப்பந்தயம் நடத்துவது சுலபம், எல்லோரும் கை தட்டுவார்கள். சொந்தச் சகோதரிகள் முகம் சுளிக்கிற வேலை வேறு.

சின்ன அளவில் அது ஒவ்வொரு சாப்டரிலும் வரும். ஒரு ஜனவரி, வெளியே பனி. அன்றைக்குச் சோபர் சிஸ்டர் முறையில் இருந்தவள் தானே குடித்துவிட்டாள். முதல் வருடப் பெண் ஒருத்தி ஒரு வீட்டு வாசலில், மெல்லிய கோட்டோடு, நாற்பது நிமிடம் நின்றிருக்கிறாள். முறை தவறியவள் சாப்டர் தலைவியின் அறைத்தோழி, இருவரும் முதல் நாளிலிருந்து ஒன்றாக இருப்பவர்கள். புகார் தலைவியின் மேசைக்கு வருகிறது. அறைத்தோழி அழுகிறாள், ஒருமுறைதானே என்கிறாள். தலைவி அந்தப் புகாரை ஒழுங்குக் குழுவுக்கு அனுப்பினாள், விசாரணையில் தான் உட்காராமல் துணைத்தலைவியை உட்காரவைத்தாள், ராத்திரி என் சமையலறைக்கு வந்து ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனாள். அப்புறம் இருவரும் ராசியாகி, ஒருத்தி கல்யாணத்தில் இன்னொருத்தி தோழியாக நின்றாள் என்று முடித்தால் நன்றாக இருக்கும். அப்படி ஆகவில்லை. இன்றைக்கும் பார்த்தால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த வாசலில் நின்ற முதல் வருடப் பெண் தலைவியை இன்னும் மாதம் ஒருமுறை கூப்பிட்டுப் பேசுகிறாள். நட்பு நாம் நினைத்த இடத்தில் பட்டுப்போய், நினைக்காத இடத்தில் முளைக்கும்போலிருக்கிறது.

உங்கள் பெண்ணுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, தெரிந்துவைத்துக்கொள்ளட்டும். நம் பக்கத்துப் பெண்களுக்கென்றே 1998-இல் ஒரே வருடத்தில் மூன்று தெற்காசியச் சொராரிட்டிகள் தொடங்கின: ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, நியூயார்க்கில் சிக்மா சிக்மா ரோ. பெரும்பாலும் சின்ன சாப்டர்கள், செலவும் பழைய பெரிய சங்கங்களைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் நம் ஆட்கள் என்பதாலேயே நல்லது என்று கணக்குப் போடவேண்டாம், அங்கேயும் விசாரிக்க வேண்டியதை விசாரிக்கத்தான் வேண்டும்.

விசாரிப்பது என்றால், ஹேஸிங் முதலில். நம் ஊர் ராகிங்தான், பெயர் வேறு. 2024 டிசம்பரில் கையெழுத்தான ஒரு மத்தியச் சட்டப்படி, பல்கலைக்கழகங்கள் எந்தச் சங்கம் ஹேஸிங்கில் சிக்கியது என்று வெளியே தெரியும்படி அறிக்கை போட வேண்டும், பல்கலைக்கழக இணையதளத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தா எவ்வளவு, அபராதம் எதெதற்கு, டி-ஷர்ட்டுக்கும் விருந்துக்கும் தனியாக எவ்வளவு என்று எழுத்தில் வாங்கட்டும். அப்புறம் வீட்டுக்குப் போகும்போது அலங்காரத்தைப் பார்க்காமல், பதவிக்காலம் முடிந்த முன்னாள் தலைவி இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்கட்டும். அவள் இன்னும் வாரக்கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் உட்காருகிறாளா, இல்லை பதவி போனதும் ஆளே காணோமா? கேட்டால் பதில் சொல்லத் தடுமாறுவார்கள், அந்தத் தடுமாற்றமும் ஒரு பதில்தான்.

சேர்வது முடிவானால், அழைப்பு வருகிற நாளைப் 'பிட் டே' என்பார்கள். உறையைப் பிரித்ததும் நூற்றுக்கணக்கான பெண்கள் கத்திக்கொண்டே புல்வெளியில் ஓடுவார்கள், அன்றைக்கு நீங்கள் வீடியோ கால் போட்டால் ஒரு வார்த்தைகூடக் காதில் விழாது, அவளும் எடுக்கமாட்டாள். கோபித்துக்கொள்ளாமல் மறுநாள் அவள் தூங்கி எழுந்த பிறகு கூப்பிடுங்கள், இங்கே நமக்கு ராத்திரி ஒன்பது மணி வாக்கில் சரியாக இருக்கும்.